பட்டாணியும் தாய்மாமன் மடியும்

ரெஜைனா, கனடா
24 மார்ச் 2025

அண்ணே,

உங்கள் உழவர் கம்பெனி இமெயிலுக்கு எழுதுகிறேன். வேறு வழி வைத்தீர்களா? என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டும் போய்விட்டீர்கள். மதினிக்குப் போன் போட்டால், "நா என்னத்தச் சொல்ல வள்ளி, அவிய மொகத்தப் பாத்தாலே பயமாருக்கு" என்று வைத்துவிடுகிறார்.

ஒரு போட்டோ போட்டேன். அதுதானே என் குற்றம்? நான் வேலை பார்க்கிற பட்டாணி ஆலையில் கண்டெய்னர் ஏற்றுகிற இடத்துக்குப் போனேன். ஒரு பெட்டியில் 'தூத்துக்குடி' என்று சீட்டு ஒட்டியிருந்தது. இந்தப் பனிக்காட்டில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்து, 'எனக்கு முன்னால் என் பட்டாணி ஊருக்கு வருது' என்று எழுதிப் போட்டேன். ஊர் ஆசையில் செய்த கிறுக்குத்தனம். பருப்பு விலை விழுந்து கிடக்கிற நேரம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

இங்கே எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது. அக்டோபரில் வர வேண்டிய தேர்தலை ஏப்ரல் 28-க்கு இழுத்துவிட்டார்கள், நேற்றுத்தான் அறிவிப்பு. அமெரிக்கா வரி மேல் வரி போடுகிறது, அதை எதிர்த்து நிற்க மக்கள் ஆதரவு வேண்டுமாம். இருக்கட்டும். ஆனால் போன வாரம் சீனாவும் கனடாப் பட்டாணிக்கு நூறு சதவீதம் வரி போட்டுவிட்டது. அதைப் பேசித் தீர்க்க வேண்டியவர்கள் எல்லாம் இப்போது வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார்கள். எங்கள் ஆலையில் ஒரு ஷிப்ட் நின்றுபோனது. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் குழாய் ஆலையில் அமெரிக்க ஆர்டர் நின்றுபோனது. புருஷனும் பொண்டாட்டியும் ராத்திரி எதிரெதிரே உட்கார்ந்து செய்தி பார்க்கிறோம், சோறு ஆறிப் போகிறது.

பங்குனி உத்திரத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. போன மாதம் கனடாக் குடிமகள் ஆகிவிட்டதால் நம் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு வர எனக்கு விசா வேண்டியிருக்கிறது, அதுவும் வந்துவிட்டது. என் மகள் வெயிலுக்கு ஐந்து வயசு நடக்கிறது. ஒற்றைப்படை வயசிலேயே காது குத்திவிட வேண்டும் என்று சொன்னது நீங்கள். அம்மா பெயரை வைத்த பிள்ளை. அவள் உங்கள் மடியில்தான் உட்கார வேண்டும். நீங்கள் பேசாமல் இருந்தால் நான் எந்த முகத்தோடு வந்து இறங்குவேன்?

ஒரு வார்த்தை எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

வள்ளிமயில்


நாகலாபுரம்
28 மார்ச் 2025

வள்ளிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி மெயிலில் குடும்பச் சண்டையை எழுதாதே. கம்ப்யூட்டர் பார்க்கிற பேபி என்ற பொண்ணு உன் கடிதத்தை பிரிண்ட் எடுத்து, பின் அடித்து, "அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி அழுதிருக்காவ" என்று நாலு பேர் இருக்கும்போது கையில் கொடுக்கிறது.

உன் படம் குடும்ப குரூப்போடு நின்றதா? சித்தப்பா மகன் நல்லக்கண்ணு இருக்கிறானே, அவன் கை சும்மா இருக்குமா? புதூர் விவசாயிகள் குரூப்புக்குத் தள்ளிவிட்டான். அங்கிருந்து விளாத்திகுளம் வட்டாரமே பார்த்துவிட்டது. டீக்கடையில் நுழைகிறேன், "என்ன அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி பட்டாணி எறங்கிட்டாமே, நம்ம உளுந்த எங்கன கொண்டு கொட்டுதது?" என்கிறான் ஒருத்தன். எல்லோரும் சிரிக்கிறார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

உனக்கு இது விளையாட்டு. நான் இந்தக் கம்பெனிக்குத் தலைவர். தையில் அறுத்த உளுந்தையும் பாசிப்பயறையும், "வித்துராதிய, பங்குனில வெல ஏறும், பொறுங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி, கம்பெனிக் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கிச் சேமிக்க வைத்தவன் நான். மூட்டை அப்படியே கிடக்கிறது. விலை ஏறவில்லை. வெளிநாட்டு மஞ்சள் பட்டாணிக்கு வரி கிடையாது என்ற சலுகையை டெல்லியில் மே கடைசி வரைக்கும் நீட்டிவிட்டார்கள். அந்த மலிவுப் பட்டாணி வந்து இறங்கினால் நம் பருப்பை யார் விலை கொடுத்து வாங்குவார்? வரி போடச் சொல்லி மனுக் கொடுக்க நாங்கள் தூத்துக்குடி போகிறோம். முன்னால் நிற்பது நான். என் பின்னால் நிற்பவர்கள் பையில் இருக்கிற போனில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்.

தேர்தலை முன்னால் இழுத்ததைச் சொல்லி அலுத்துக்கொள்கிறாயே, எந்த நாட்டிலும் அவர்களுக்குத் தோதான நேரத்தில்தான் வைப்பார்கள். நீ ஓட்டைப் போடு, நான் மனுவைக் கொடுக்கிறேன்.

காது குத்துக்கு வா. தாய்மாமன் சீர் குறைவில்லாமல் வரும். கம்மல், பட்டுப்பாவாடை எல்லாம் உன் மதினி வாங்கி வைத்துவிட்டாள். அன்னதானமும் சொல்லியாயிற்று. ஆனால் என் மடியைக் கேட்காதே. நல்லக்கண்ணு உட்காரட்டும், அவனும் மாமன்தான். அன்றைக்குக் கோயிலில் நிற்கிற அத்தனை பேரும் என்னை நம்பி மூட்டை போட்டவர்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் பட்டாணிக்காரி மகளை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இசக்கிபாண்டி


ரெஜைனா
1 ஏப்ரல் 2025

அண்ணே,

பட்டாணிக்காரி எழுதுகிறேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மடி இல்லாத இடத்துக்கு நான் எதற்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வர வேண்டும்? நல்லக்கண்ணு அண்ணன் மடியாம்! படத்தை ஊரெல்லாம் பரப்பினவன் மடியில் என் பிள்ளை உட்கார வேண்டுமாம். எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

உங்களுக்குக் கணக்கு ரொம்ப எளிது. பட்டாணி வந்தது, விலை விழுந்தது, தங்கச்சி அனுப்பினாள். உளுந்து பர்மாவிலிருந்தும்தான் கப்பல் கப்பலாக வருகிறது. பர்மாவில் உங்களுக்குத் தங்கச்சி இல்லை, அதனால் அவர்கள் மேல் கோபம் இல்லை!

இங்கே கடைக்குப் போனால் ஒவ்வொரு விலைச் சீட்டிலும் மேப்பிள் இலை. 'கனடாப் பொருள்' என்று தெரியவேண்டுமாம். அமெரிக்க ஆரஞ்சு அழுகுகிறது, ஒருத்தரும் தொடுவதில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பி எங்கே செய்தது என்று படித்துவிட்டு எடுக்கிறார்கள். அடுத்தவன் கதவை அடைத்தாலும் நம் காலில் நிற்கணும் என்று தேர்தலில் எல்லாக் கட்சியும் பேசுகிறது. கேட்கக் கேட்க எனக்கு உங்கள் ஞாபகம்தான். நம்ம உளுந்தை நாமே வாங்கணும், நாமே விக்கணும் என்று நீங்கள் சொல்லாத நாள் உண்டா? அப்போது உங்களைக் கிறுக்கன் என்றார்கள். இங்கே அதையே சொன்னால் கை தட்டுகிறார்கள்.

முந்தாநாள் ஒரு கட்சிப் பெண் கதவைத் தட்டினாள். உங்களுக்கு எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டாள். இந்தியா பட்டாணிக்கு வரி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சீனா போன பிறகு எங்களுக்கு மிச்சம் இந்தியாதான். வரி போட்டால் எனக்கு வேலை இல்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கிட்டங்கி கண்ணுக்குள் வந்து நின்றது. "ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்று அழுதேன், போதுமா?

உங்கள் சீரை வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளி


நாகலாபுரம்
12 ஏப்ரல் 2025

வள்ளி,

நேற்று உத்திரம் முடிந்தது.

நீ வராததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. திருப்பூர், சென்னை என்று போன சனமெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கியிருந்தது. பார்க்கிற ஆளெல்லாம் ஒரே கேள்வி. "தங்கச்சி வரலியா? மருமவ எங்க?" 'பிளைட்டு கிடைக்கவில்லை' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. காது குத்துகிற ஆசாரி வேறு, "ஒங்க மருமவளுக்குன்னு நேரங்காலத்தோட வந்தேன் அண்ணாச்சி" என்று கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். உன் மதினி என்னோடு பேசி நாளாகிறது. சோற்றை வைக்கிறாள், போகிறாள். கோயிலிலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்னொன்று நடந்தது. சொன்னால் சிரிப்பாய், சிரித்துத் தொலை. காது குத்துக்கென்று சொன்ன அன்னதானத்தை நிறுத்த முடியுமா? நடந்தது. சாம்பார் அருமை. இரண்டு தடவை வாங்கி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சமையல் சுடலைக்கண்ணுவிடம், "என்னடே இன்னைக்கி ருசியா வச்சிருக்க?" என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிகிறான். "தொவர கட்டுப்படியாவல அண்ணாச்சி. நீங்கதான செலவப் பாத்துச் செய்யச் சொன்னிய. பாதிக்குப் பாதி பட்டாணிப் பருப்பு போட்டேன்" என்கிறான். முந்தின நாள்தான் தூத்துக்குடியில் பட்டாணிக்கு எதிராகக் கோஷம் போட்டுவிட்டு வந்த கூட்டம் அத்தனையும் பந்தியில் உட்கார்ந்து, என் செலவில், உன் பட்டாணியைத் தின்றுகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சுடலைக்கண்ணு வாயையும் அடைத்துவிட்டேன்.

அதற்காக நான் வரி கேட்பதை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. மனுவை வாங்கிய அதிகாரி, இதெல்லாம் டெல்லி முடிவு பண்ணுவது என்றார். டெல்லிக்கும் எழுதுகிறோம். மே கடைசியில் சலுகை முடிகிறது. அதற்குப் பிறகு வரி வந்துவிட்டால் விலை நிமிரும். அது வரைக்கும் மூட்டையை எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பகல் முழுக்க கிட்டங்கிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

உத்திரம் போய்விட்டது. இனி அதைப் பேசி என்ன.

மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா?

இசக்கிபாண்டி


ரெஜைனா
20 ஏப்ரல் 2025

அண்ணே,

சாம்பார் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு கடைசி வரைக்கும் வந்து, திரும்ப மேலே போய்த் தேடினேன். "இன்னொரு நாள் கூட்டிக்கொண்டு வா" என்று எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா என்று. இல்லை. ஆசாரி கேட்டான், ஊர் கேட்டது, மதினி கேட்காமல் கேட்டார். நீங்கள் கேட்கவில்லை.

இரண்டு நாளைக்கு முன்னால் ஓட்டுப் போட்டேன். ஈஸ்டர் விடுமுறையில் முன்கூட்டியே போடலாம் என்று வைத்திருந்தார்கள். வெயிலையும் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்து ஹாலில் ஒரு அட்டைத் தடுப்பு, ஒரு பென்சில், ஒரு சீட்டு. விரலில் மை வைக்கவில்லை. மை இல்லாமல் ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லை அண்ணே. பென்சிலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஜெயிக்கிறவர் யாராக இருந்தாலும் பட்டாணிக்கு வழி பண்ணினால் சரி என்று ஒரு மனது. வழி பண்ணினால் அங்கே அண்ணன் என்ன ஆவார் என்று ஒரு மனது. யாருக்குப் போட்டேன் என்று அவரிடமே சொல்லவில்லை, உங்களிடம் சொல்வேனா?

அவருக்கு வேலை போய்விட்டது. கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன். என் ஷிப்டையும் மே கடைசியில் இந்தியா என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம். நாகலாபுரத்தில் நீங்களும் மே கடைசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், நானும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு நல்லது நடந்தால் நான் அழ வேண்டும். இப்படி ஒரு கொடுமை உண்டா?

"ஊருக்கே போயிருவோமா வள்ளி?" என்று அவர் தினமும் கேட்கிறார். எந்த ஊருக்கு? யார் வீட்டு வாசலுக்கு?

ஒன்று முடிவு செய்துவிட்டேன். இங்கே மாலில் காது குத்துகிற கடை இருக்கிறது. துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து அழுத்துவார்கள், முடிந்துவிடும். வெயில் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் குத்தியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை, 26, காலை பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். மாமன் மடிக்காகக் காத்துக்கொண்டிருந்தால் அவளுக்கு ஆறு பிறந்துவிடும்.

தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.

வள்ளி


நாகலாபுரம்
26 ஏப்ரல் 2025, சாயங்காலம்

வள்ளி,

குத்தாதே.

கிட்டங்கி விஷயமாக மதுரைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்து இறங்கினேன். பேபி லீவு. உன் மெயிலை யாரும் பார்க்கவில்லை. பிளாக்கை எடுத்துவிட்டு உனக்கு அடித்தேன், நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தேன், போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு இப்போதுதான் விடிந்திருக்கும் என்று மதினி பக்கத்தில் நின்று சத்தம் போடுகிறாள்.

அம்மா பேரை வைத்த பிள்ளைக்கு எவனோ துப்பாக்கியால் குத்துவதா? நான் உயிரோடு இருக்கும்போதா? திமிரில் எழுதிவிட்டேன். ஊருக்குப் பயந்து எழுதிவிட்டேன். எனக்கு என் மருமகள் வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மால் வேண்டாம். கூட்டிக்கொண்டு வா. எப்போது வேண்டுமானாலும் வா.

போனை எடு ஏட்டி.

அண்ணன்


ரெஜைனா
29 ஏப்ரல் 2025

அண்ணே,

சனிக்கிழமை என் போன் காரிலேயே கிடந்தது. அவருடைய போன் கட்டணம் கட்டாமல் போன வாரமே நின்றுவிட்டது. உங்கள் மெயிலை மால் வாசலில், காருக்குள் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் முடிந்த பிறகு. அன்றைக்கே கூப்பிட்டிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் பேச முடியாது என்று தெரியும். அதனால்தான் இந்த மூன்று நாள்.

நேற்று ராத்திரி தேர்தல் முடிவு. ஜெயித்த கட்சிக்கும் முழு மெஜாரிட்டி இல்லை. அடுத்த தேர்தல் எப்போது வருமோ என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இனியாவது சீனாவோடு பேசுவார்கள் என்று ஆலையில் சொல்கிறார்கள். விவசாயிகள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. பனி உருகிவிட்டது, விதைக்கத் தயாராகிவிட்டார்கள். யார் வாங்குவார் என்று தெரியாமலே பட்டாணிதான் விதைக்கப் போகிறார்களாம். கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். உங்களை மாதிரியே பிடிவாதம் பிடித்த சனம்.

இப்போது கேளுங்கள். வெயிலை நாற்காலியில் உட்கார வைத்தோம். உட்காரவில்லை. நான் உட்கார்ந்து என் மடியில் வைத்தேன். கடைக்காரப் பெண் சிரித்துப் பேசிக்கொண்டே வலது காதில் 'டக்' என்று அடித்துவிட்டாள். ஐயோ அண்ணே, மால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது! நம் அம்மா சண்டை போட்டால் தெருக் கடைசி வரைக்கும் கேட்குமே, அந்தத் தொண்டை. இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர் கெஞ்சினார், நான் மிட்டாய் காட்டினேன், கடைக்காரப் பெண் பொம்மை காட்டினாள். நடக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கடித்தும் வைத்துவிட்டாள்.

இப்போது உங்கள் மருமகள் ஒரு காதில் மட்டும் கம்மலோடு பள்ளிக்கூடம் போய் வருகிறாள். ஏன் என்று ஆசிரியை கேட்டதற்கு, "இது என் மாமாவுடையது" என்று இன்னொரு காதைக் காட்டிச் சொன்னாளாம். காரில் உங்கள் கடிதத்தை நான் அவருக்குச் சத்தமாகப் படித்ததைப் பின் சீட்டிலிருந்து கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு ஐப்பசியில் ஆறு பிறக்கும். அதற்கு முன்னால் வரவா? வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவேன். நீங்கள் சொல்லுங்கள்.

வள்ளி


நாகலாபுரம்
2 ஜூன் 2025

வள்ளி,

மே கடைசியும் வந்தது. சலுகையை அடுத்த மார்ச் வரைக்கும் நீட்டிவிட்டார்கள். உன் வேலை போகாமல் தப்பித்துவிட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். சந்தோஷம். பொய் சொல்லவில்லை.

இங்கே கிட்டங்கி காலியாகிக்கொண்டிருக்கிறது. இனிப் பொறுக்க முடியாது என்று அவரவர் மூட்டையை எடுத்து வந்த விலைக்குத் தள்ளுகிறார்கள். யாரையும் தடுக்க எனக்கு வாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, தலைவர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்களே இருங்கள் என்று ஒருத்தனாவது சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்று, வரி கேட்டு இன்னும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். தலைவராக இல்லாவிட்டால் தபால் போகாதா?

கூட்டம் கலையும்போது சுந்தரபாண்டியன் எழுந்தான். கிட்டங்கியில் அதிக மூட்டை போட்டவன் அவன்தான். எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒங்க தங்கச்சிக்கு இப்ப சந்தோசமா இருக்கும், என்ன அண்ணாச்சி?" என்றான்.

பங்குனியில் கேட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். நேற்று என்னமோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். "ஆமா, சந்தோசமாத்தான் இருக்கும். அவ வேல பொழச்சிட்டுல்லா. ஆவணில வாரா. எம் மருமவளுக்குக் காது குத்து, சாஸ்தா கோயில்ல. எம் மடிலதான். எல்லாரும் பிள்ள குட்டியோட வரணும். சுந்தரபாண்டி, நீதான் மொத பந்தில உக்காரணும்."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தேதியச் சொல்லும், வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே டிக்கெட் எடு. ஆவணி கடைசிக்குள் வந்துவிடு, புரட்டாசியில் நான் விதைப்புக்குப் போய்விடுவேன். அது வரைக்கும் அந்த இடது காதை யாரையும் தொட விடாதே.

அண்ணன்